தணிக்கை உங்கள் கொள்முதல் துறையிலும் நடக்கட்டும்: வெளிநாட்டு ஆடை நிறுவனங்களுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தலைமையகம் கொண்டு இந்தியாவில் பின்னலாடை வாங்கும் நிறுவனங்களின் கொள்முதல் துறைத் தலைவர்கள், பெங்களூரு, குருகிராம், திருப்பூர் ஆகிய ஊர்களில் இருக்கும் அவர்களுடைய பையிங் ஆபீஸ் (இங்கே ஆர்டர் கொடுத்துக் கண்காணிக்கும் அலுவலகம்) பொறுப்பாளர்கள்.

ஐயா, அம்மா,

உறுதி செய்த ஆர்டரின் விலையில் 8 விழுக்காடு குறைத்துக்கொள்ள வேண்டும். இதுவரை 60 நாளில் வந்த பணம் இனி 120 நாளில் வரும். இரண்டும் ஏற்கெனவே கப்பலில் ஏற்றப்பட்ட சரக்குக்கும் பொருந்தும். 3 வேலை நாள்களுக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் அடுத்த பருவத்துக்கான ஆர்டர் ஒதுக்கீடு மறுபரிசீலனை செய்யப்படும். பல ஆண்டுகளாக நாங்கள் ஆடை தைத்துக்கொடுக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து வந்த மின்னஞ்சலின் சாரம் இது. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதே போன்ற கடிதங்களை வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து பெற்றவர்கள் என்னைச் சுற்றிலும் இருக்கிறார்கள். எண்கள்தாம் மாறுகின்றன, வாசகம் மாறவில்லை. ஆகவே இம்மடல் உங்கள் அனைவருக்குமானது.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்களிடம் ஆங்கிலத்தில் நாங்கள் தினமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தக் கடிதங்கள் ஆர்டரைக் கவனிக்கும் உங்கள் மெர்ச்சண்டைசர் மேசையைத் தாண்டுவதில்லை. உங்கள் பையிங் ஆபீஸ்களில் தமிழர்கள் இருக்கிறார்கள். இதை உங்களுக்குச் சொல்ல அவர்களால் முடியும். எங்களுக்கு நிட்டிங் போட்டு (நூலைத் துணியாகப் பின்னி) கொடுப்பவர், காம்பாக்டிங் (துணி சுருங்காமல் சீர்செய்வது) செய்பவர், தையலை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்யும் பவர் டேபிள் காண்ட்ராக்டர், தைக்கும் பெண்கள் ஆகியோரும் இதைப் படிக்க வேண்டும். அவர்களுடைய கூலியில்தான் உங்கள் 8 விழுக்காடு போய் நிற்கிறது.

எங்கள் கம்பெனி நடுத்தர அளவினது. கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எங்கள் கூரைக்குக் கீழே நடக்கின்றன. நூல் மில்லிலிருந்து வருகிறது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாம் வெளியே கூலிக்குச் செய்து வாங்கும் ஜாப் ஒர்க். திருப்பூரில் பெரும்பாலான கம்பெனிகளின் அமைப்பு இதுதான். ஒரு டி-ஷர்ட் எங்கள் பெயரில் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போவதற்குள் ஏழெட்டுச் சிறு முதலாளிகளின் கையைக் கடந்துவிடுகிறது. அவர்களில் பலர் தாமே இயந்திரத்தில் நின்று வேலை பார்ப்பவர்கள்.

விலைக்குறைப்புக்கு அந்த மின்னஞ்சல் சொன்ன காரணம் ‘மாறிவரும் சந்தைச் சூழல்’. எந்தச் சூழல் என்று எங்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. ஆகஸ்ட் 27 முதல் அது 50 விழுக்காடானது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. அந்த ஆர்டர்களில் பல நின்றன. வரியின் சுமையைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று அமெரிக்க பையர்கள் கேட்டார்கள். அது எங்களைக் கசக்கியது, ஆனாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு மின்னஞ்சல் அனுப்பிய நிறுவனத்துக்கோ அமெரிக்காவில் ஒரு கடைகூட இல்லை. அது ஐரோப்பாவில் விற்கிறது. அந்த நேரத்தில் அங்கே எங்கள் ஆடைமீது ஒரு சதவீத வரியும் புதிதாக ஏறவில்லை. திருப்பூரில் தையல் மிஷின்கள் சும்மா நிற்கின்றன, இப்போது கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்பது மட்டுமே மாறியிருந்தது. இன்னொருவருடைய வரி எங்களைத் தள்ளாட வைத்த நேரம் பார்த்து வந்த கோரிக்கை அது. அதனால்தான் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

8 விழுக்காடு என்பது எங்கள் பக்கத்தில் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பீஸ் விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 8 விழுக்காடு 20 ரூபாய். நூலும் நிட்டிங்கும் டையிங்கும் சேர்ந்து விலையில் பாதியை விழுங்கிவிடும். லேபிள், டேக், பாலிபேக், அட்டைப்பெட்டி எல்லாம் நீங்கள் சொல்லும் இடத்தில், நீங்கள் சொல்லும் விலையில் வாங்குபவை. வங்கி வட்டியும் லாரி வாடகையும் துறைமுகச் செலவும் நம் இருவர் கையிலும் இல்லை. எல்லாம் போக 5 விழுக்காடு நின்றால் எங்கள் ஊரில் அதை நல்ல ஆர்டர் என்போம். அந்தப் பன்னிரண்டரை ரூபாயை முழுவதும் உங்களுக்கே கொடுத்துவிட்டாலும் இன்னும் ஏழரை ரூபாய் மிச்சம் இருக்கிறது. அதை எங்கிருந்து எடுப்பது? மில்காரர் குறைக்க மாட்டார். சாயப்பட்டறையின் மின்கட்டணம் குறையாது. விலைப்பட்டியலில் பேரம் பேசக்கூடியதாக மிஞ்சுவது மனிதர்களின் கூலி ஒன்றுதான். தையல் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு பீஸுக்குப் போகும் கூலியின் பக்கத்தில் இந்த ஏழரை ரூபாயை வைத்துப் பாருங்கள். மேசைக்கு அந்தப்பக்கம் உங்களுக்கு அது தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் எண்.

அதுவும் பேசி முடித்த விலை. நூல் வாங்கியாகிவிட்டது, துணி பின்னியாகிவிட்டது, உங்கள் நிறத்தில் சாயமும் ஏறிவிட்டது. அந்தத் துணியை வேறு யாருக்கும் விற்க முடியாது. எங்களால் பின்வாங்க முடியாத இடத்துக்கு நாங்கள் வந்த பிறகே விலைப் பேச்சு மீண்டும் தொடங்குகிறது.

பணம் வரும் நாள் பற்றி. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எங்கள் ஜாப் ஒர்க் சிறு நிறுவனங்களுக்கு நாங்கள் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2024 முதல் வருமான வரியிலும் பிடி இறுகியிருக்கிறது: காலத்துக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. இது நல்ல சட்டம், சிறியவனைக் காப்பாற்றும் சட்டம். ஆனால் அது இந்திய எல்லையோடு நின்றுவிடுகிறது. நீங்கள் 120 நாள் கழித்துத் தருவீர்கள், நான் 45 நாளில் தந்தாக வேண்டும். தொழிலாளிக்குச் சனிக்கிழமைதோறும் சம்பளம். இடையில் இருக்கும் நாள்களுக்கு வங்கியில் நான் வட்டி கட்டுகிறேன். பேங்க் லிமிட் நிரம்பிவிட்டால் வெளியே வாங்குகிறேன், அந்த வட்டியைப் பற்றி இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. எங்களைவிடப் பல மடங்கு குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும் நாடுகளில் இருக்கும் நிறுவனங்களுக்கு, திருப்பூரின் சிறு கம்பெனி தன் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்துக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் ஆண்டறிக்கையில் அது மூலதன மேலாண்மையின் வெற்றி என்று எழுதப்படுகிறது.

நூல் விலைக் கதையையும் உங்களுக்கு நினைவூட்டுகிறேன். 2020 இறுதியிலிருந்து 2022 மே வரை பருத்தி நூல் விலை ஏறத்தாழ இரு மடங்கானது. 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஒரே மாதத்தில் கிலோவுக்கு 40 ரூபாய், 50 ரூபாய் என்று நூல் ஏறியதும் உண்டு. 2022 மே மாதம் ஊரே இரண்டு நாள் கதவடைத்தது. அந்தக் காலத்தில் விலையை மாற்றித் தரும்படி உங்களிடம் நாங்கள் கேட்டபோது கிடைத்த பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: உறுதி செய்த விலை உறுதி செய்த விலைதான், ஒப்பந்தத்தை மதியுங்கள். மதித்தோம். நட்டத்தில் தைத்து அனுப்பினோம். சிலர் அதோடு மிஷினை விற்றுவிட்டு, கைதேர்ந்த கட்டிங் மாஸ்டராக இன்னொருவர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அன்றைக்குப் புனிதமாக இருந்த ஒப்பந்தம் இன்றைக்கு ஒரு மின்னஞ்சலில் 8 விழுக்காடு கரைந்துபோகிறது என்றால், அது இருவரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமா என்று நீங்களே சொல்லுங்கள்.

2020 மார்ச்சில் நடந்ததும் இதன் இன்னொரு முகம். கடைகள் மூடின, அதை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் தைத்து முடித்த சரக்கை வேண்டாம் என்றார்கள், வெட்டி வைத்த துணிக்குப் பணம் இல்லை என்றார்கள். வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஆர்டர்கள் இரத்தாகவோ நிறுத்திவைக்கப்பட்டோ போனதாக அந்நாட்டு ஆடை உற்பத்தியாளர் சங்கம் அன்றைக்கு அறிவித்தது. உலகம் முழுவதும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே பல நிறுவனங்கள் பணம் கொடுக்க முன்வந்தன. எங்கள் கிடங்கிலும் பெட்டி பெட்டியாகச் சரக்கு கிடந்தது. உள்ளூர் ஆடைச் சந்தையான காதர்பேட்டையில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றால் உங்கள் லேபிள் தைத்திருந்தது. அதை எடுக்காமல் உள்ளூரில் விற்கக் கூடாது என்பதும் உங்கள் நிபந்தனை. ஒவ்வொரு பீஸாக லேபிளைப் பிரித்தெடுக்கும் கூலியும் எங்கள் கணக்கில் ஏறியது.

இனி என் முதன்மையான குறைக்கு வருகிறேன். எங்கள் தையல் கூடத்தின் நுழைவாயிலில் உங்கள் நடத்தை நெறி தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரம், மிகைநேரம் விருப்பத்தின் பேரில் மட்டும், ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு, வாழ்வதற்குப் போதுமான சம்பளம். அதில் ஒரு வரியோடும் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அந்த நெறியை அனுப்பும் துறையும் கொள்முதல் ஆணையை அனுப்பும் துறையும் உங்கள் அலுவலகத்தில் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதில்லை என்பதே என் புகார். எங்கள் கூடத்தில் எத்தனை மணிக்கு விளக்கு அணைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சுவரில் இருக்கும் நெறியன்று, உங்கள் ஆணையில் இருக்கும் ஷிப்மெண்ட் தேதி.

அது எப்படி நடக்கிறது என்று ஓர் ஆர்டரின் பாதையில் சொல்கிறேன். ஆர்டர் உறுதியான அன்றே கடைசித் தேதி எழுதப்பட்டுவிடும். பிறகு நிறத்துக்கு லேப் டிப் (சாயமேற்றிய சிறு துணி மாதிரி) அனுப்புகிறோம். கொஞ்சம் சிவப்புத் தூக்கலாக இருக்கிறது என்று திரும்பி வருகிறது. மறுபடி அனுப்புகிறோம். அளவுக்கான ஃபிட் சாம்பிள் உங்கள் டிசைனர் மேசையில் காத்திருக்கிறது. ஆகஸ்டு என்றால் அவர் கோடை விடுமுறையில் இருப்பார், ஓய்வு எல்லோருக்கும் வேண்டியதுதான். கழுத்துப்பட்டியை அரை சென்டிமீட்டர் குறைக்கச் சொல்லிக் கருத்து வரும்போது வாரங்கள் ஓடியிருக்கும். அதன்பின் ஒவ்வோர் அளவிலும் மாதிரி தைக்கும் சைஸ் செட், அதன்பின் உற்பத்திக்கு முந்தைய சாம்பிள். நீங்கள் நியமித்த ஒரே சப்ளையரிடமிருந்து வர வேண்டிய பார்கோடு ஸ்டிக்கர் வேறொரு நாட்டுச் சுங்கத்தில் நிற்கும். இவை ஒவ்வொன்றிலும் நாள்கள் போகின்றன. கடைசித் தேதி மட்டும் ஒரு நாளும் நகர்வதில்லை. தவறினால் விமானத்தில் அனுப்ப வேண்டும், செலவு எங்களுடையது. ஓர் ஆர்டர் ஏர் போனால் அந்த ஆர்டரின் இலாபம் மட்டுமில்லாமல் அடுத்த இரண்டு ஆர்டர்களின் இலாபமும் சேர்ந்து போய்விடும்.

அப்போது எங்களிடம் இருப்பது ஒரே வழி. திருப்பூரில் அதற்கு ‘ஒன்றரை ஷிஃப்ட்’ என்று பெயர். காலை எட்டரைக்கு வந்தவர்கள் இரவு எட்டரை, ஒன்பதுக்குப் போவார்கள். கடைசி வாரத்தில் அதற்கும் மேல் ஆகும், ஞாயிறும் போகும். மிகைநேரத்துக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். எங்களிடம் கொடுக்கிறோம், எல்லா இடத்திலும் கொடுக்கப்படுகிறது என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன். கொடுத்தாலும் பல்லடத்திலிருந்தோ ஊத்துக்குளியிலிருந்தோ வரும் ஒரு தாய்க்கு, பிள்ளை தூங்கிய பின் வீடு போய்ச் சேரும் பத்து இரவுகளை எந்த இரட்டைச் சம்பளம் திருப்பித் தரும்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகள் முடியாது என்று சொல்வதில்லை, சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. அதனால் எளிதாகச் சுமை அவர்கள் மேல் விழுகிறது. இதை நான் நேரில் பார்த்து வருகிறேன். என் கூடத்திலும் பார்த்திருக்கிறேன்.

பிறகு தணிக்கைக்கு வருகிறார்கள். பி.எஸ்.சி.ஐ., செடெக்ஸ், எஸ்.ஏ. 8000, ராப் என்று தொழிலாளர் நிலையைச் சோதிக்கும் பன்னாட்டுத் தணிக்கை முறைகள், இவை போதாதென்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித் தணிக்கை. கட்டணம் பெரும்பாலும் எங்களுடையது. தணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசர வழிக் கதவுகள் திறந்திருப்பதற்கும், குடிநீர் சோதிக்கப்படுவதற்கும், வயதுச் சான்று இல்லாமல் ஆள் சேர்ப்பது குறைந்ததற்கும் தணிக்கை ஒரு காரணம், அதை நான் மதிக்கிறேன். ஆனால் மிகைநேரம் வரம்பு மீறியது என்று எங்கள் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதுகிறவர், அந்த வாரம் ஏன் அப்படி ஆனது என்று பார்க்க உங்கள் மின்னஞ்சல்களின் தேதியைப் பார்ப்பதில்லை. மூல காரணம் என்ற கட்டத்தில் ‘சாம்பிள் அனுமதி தாமதமாக வந்தது, கப்பல் தேதி மாற்றப்படவில்லை’ என்று நாங்கள் ஒருமுறை எழுதினோம். அது எங்கள் தணிக்கையின் எல்லைக்குள் வராது, உங்கள் உற்பத்தித் திட்டமிடலில் உள்ள குறை என்று மாற்றி எழுதுங்கள் என்றார்கள். மேலாண்மைப் பயிற்சி வகுப்புக்கு எங்கள் சூப்பர்வைசர்களை அனுப்பும்படி திருத்த நடவடிக்கையும் எழுதிக் கொடுத்தார்கள்.

காகிதத்தை மட்டும் பார்க்கும் தணிக்கை எதில் முடியும் என்பதை ஆசியா ஏற்கெனவே பார்த்துவிட்டது. கராச்சியின் பல்தியா பகுதியில் 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பற்றிய அலி என்டர்பிரைசஸ் ஆலையில் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். முந்திய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது, தைக்கிறவர்களை மட்டும் உள்ளே வரச் சொன்னார்கள். அங்கே இயங்கிய ஆலைகள் சிலவற்றிலும் தணிக்கை நடந்துதான் இருந்தது.

எங்கள் ஊரில் குற்றமே இல்லை என்று நான் வாதாடப்போவதில்லை. நொய்யலில் சாயக்கழிவை விட்டது திருப்பூர்தான். ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டியும் அதற்குக் கீழேயும் விவசாயிகளின் மண்ணும் கிணறும் உப்பேறிப்போயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அது நியாயமான உத்தரவு. அதன்பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்புக்கு இந்த ஊர் மாறியது. சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கி, உப்பை மீட்கும் இயந்திரம் என்று கடன் வாங்கிக் கட்டினார்கள். அதனால் இங்கே ஒரு கிலோ துணிக்குச் சாயம் போடும் செலவு, கழிவை ஆற்றில் விடும் இடங்களைவிட அதிகம். உங்கள் நிலைத்தன்மை அறிக்கைகளில் எங்கள் சுத்திகரிப்பு நிலையங்களின் படத்தைப் பார்க்கிறேன். ஒரு பீஸின் விலையைக் கணக்கிடும் உங்கள் காஸ்டிங் ஷீட்டில் அந்தச் செலவுக்கு ஓர் இடமும் கிடையாது. சாயக்கழிவைச் சுத்திகரிக்காத இன்னொரு நாட்டின் விலையை எங்கள் முன்னால் வைத்துப் பேசுகிறீர்கள்.

கூலியிலும் இதே நிலைதான். பனியன் தொழிலில் சம்பளம், உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி முடிவாகிறது. 2021இல் நான்கு ஆண்டுகளில் 32 விழுக்காடு உயர்வுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழிலாளிக்கு அது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த உயர்வை உங்கள் விலையில் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்டபோது, உற்பத்தித் திறனைக் கூட்டிச் சமாளியுங்கள் என்று பதில் வந்தது. வாழ்வதற்குப் போதுமான சம்பளம் என்று சுவரில் எழுதச் சொன்ன அதே நிறுவனத்திலிருந்து.

பிடிக்காவிட்டால் ஆர்டரை மறுக்கலாமே என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். சொல்லியும் இருக்கிறீர்கள். 87 நாடுகளில் சப்ளையர்களிடம் ஆய்வு செய்து பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2017இல் வெளியிட்ட முடிவில், 39 விழுக்காட்டினர் உற்பத்திச் செலவுக்கும் கட்டாத விலையில் ஆர்டர் ஏற்றதாகச் சொல்லியிருந்தார்கள். கையில் பிடித்துவைத்த தொழிலாளிகளைக் கலைத்துவிட்டால் மறுபடி சேர்க்க முடியாது, வங்கித் தவணை நிற்காது, தீபாவளி போனஸ் காத்திருக்காது. அதனால் நட்டத்துக்கும் தைக்கிறார்கள். இதை இரண்டு சமமானவர்களுக்கு இடையிலான பேரம் என்று சொல்ல முடியாது.

வேறு வழியே இல்லை என்பதும் உண்மையில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த நேர்மையற்ற வணிக நடைமுறைகளுக்கு எதிரான நெறியாணை, வேளாண் உணவுப் பொருள்களை விற்பவர்களைக் காக்கிறது. அழுகும் பொருளுக்கு 30 நாளில், மற்றவற்றுக்கு 60 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்த நிபந்தனையை வாங்குபவர் தன்னிச்சையாக மாற்றக் கூடாது. ஒன்றியத்துக்கு வெளியே இருந்து விற்பவருக்கும் இது பொருந்தும். பிரிட்டனில் பெரிய மளிகைக் கடைகளைக் கண்காணிக்க 2013 முதல் தனி நடுவர் இருக்கிறார். திராட்சை விற்கும் நாசிக் விவசாயிக்கு ஐரோப்பா கொடுக்கும் பாதுகாப்பை, டி-ஷர்ட் விற்கும் எங்களுக்கும் கொடுப்பதில் உங்களுக்கு என்ன தடை? ராணா பிளாசாவுக்குப் பின் வந்த வங்கதேச அக்கார்டு என்ற பாதுகாப்பு ஒப்பந்தம், பாதுகாப்புப் பணிகளைச் செய்யும் அளவுக்கு ஆலைகளுக்கு விலை கட்டுப்படியாக வேண்டும் என்று வாங்கும் நிறுவனங்களையே சட்டப்படி பொறுப்பாக்கியது. இங்கே பக்கத்தில், 2022இன் திண்டுக்கல் ஒப்பந்தம், ஆலையில் பெண்களின் பாதுகாப்புக்கு வாங்கும் நிறுவனத்தையும் கையெழுத்திட வைத்தது. அது ஒரு தொழிலாளிப் பெண்ணின் கொலைக்குப் பிறகு தொழிற்சங்கம் போராடிப் பெற்றது. நீங்கள் கையெழுத்திட்ட இடங்களில் மாற்றம் வந்திருக்கிறது. அறிக்கை மட்டும் வெளியிட்ட இடங்களில் வரவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

உறுதி செய்த ஆர்டர்களுக்கு விலைக்குறைப்புக் கேட்டு அனுப்பிய கடிதங்களைத் திரும்பப் பெறுங்கள். குறிப்பாகக் கப்பலில் ஏற்றிய சரக்குக்குப் பிடித்தம் செய்த தொகையைத் திருப்பித் தாருங்கள். இனி இரு தரப்பும் எழுத்தில் சம்மதிக்காமல் விலை மாறாது என்றும், சம்மதிக்க மறுத்ததற்காக ஆர்டர் குறைக்கப்படாது என்றும் உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

சரக்கு கப்பலில் ஏறிய நாளிலிருந்து 60 நாளுக்குள் பணம் தாருங்கள். அதற்கு மேல் போனால் எங்கள் வங்கி வட்டி விகிதத்தில் வட்டி தாருங்கள். சிறு கம்பெனிகளுக்கு எல்.சி. (பணத்துக்கு வங்கி பொறுப்பேற்கும் கடிதம்) கொடுங்கள், அல்லது நூல் வாங்கும் அளவுக்கு முன்பணம் கொடுங்கள்.

உங்கள் அனுமதி எத்தனை நாள் தாமதமாகிறதோ அத்தனை நாள் ஷிப்மெண்ட் தேதி தானாகவே தள்ளிப்போக வேண்டும். நீங்கள் நியமித்த சப்ளையரால் வரும் தாமதத்துக்கும் அதுவே விதி. யாரால் தாமதமோ அவரே விமானச் செலவை ஏற்க வேண்டும். ஒன்றரை ஷிஃப்டைக் குறைக்க இதைவிட வேகமான வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

காஸ்டிங் ஷீட்டில் தொழிலாளர் கூலியையும் சாயக்கழிவுச் சுத்திகரிப்பையும் தனித்தனிச் செலவினங்களாக வையுங்கள். அவ்விரண்டிலும் பேரம் பேசாதீர்கள். கூலி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் கூலிக்கான தொகை உயர வேண்டும். ஆர்டர் உறுதியான பின் நூல் விலை குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசத்தைப் பகிர்ந்துகொள்வோம். இறங்கும்போது உங்களுக்குத் தர நாங்கள் தயார்.

தணிக்கைகளை ஒன்றாக்குங்கள், ஒருவர் செய்ததை மற்றவர் ஏற்றுக்கொள்ளுங்கள், கட்டணத்தில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், எங்கள் சம்பளப் பதிவேட்டைத் திறக்கும் அதே தணிக்கையாளர் அந்த ஆர்டருக்கான உங்கள் அனுமதித் தேதிகளையும் விலைப் பேச்சையும் திறக்க வேண்டும். எத்தனை ஆர்டர்களில் தேதி மாற்றினீர்கள், எத்தனை ஆர்டர்களில் தள்ளுபடி கேட்டீர்கள், சராசரியாக எத்தனை நாளில் பணம் தந்தீர்கள் என்பதை ஆண்டுதோறும் பொதுவெளியில் வெளியிடுங்கள்.

இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தம் இந்திய ஆடைகளுக்கான இறக்குமதி வரியை நீக்குகிறது. பிரிட்டனில் விற்கும் நிறுவனங்களிடம் தனியே கேட்கிறேன்: அதில் மிச்சமாகும் பணத்தின் ஒரு பங்கு கூலிக்கான தொகையில் சேர வேண்டும். வரி ஏறியபோது பகிரச் சொன்ன துறை இது. வரி இறங்கும்போதும் பகிர வேண்டும்.

ஒரு கம்பெனியை விட்டுப் போக முடிவெடுத்தால் ஒரு முழுப் பருவத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள். தொழிலாளிகளுக்கு மாற்று வேலை பார்க்கவும், அவர்களுடைய பாக்கியைத் தீர்க்கவும் எங்களுக்கு அந்தக் காலம் வேண்டும்.

பையிங் ஆபீஸ்களில் இருக்கும் தமிழ் மெர்ச்சண்டைசர்களிடமும் ஒரு வேண்டுகோள். சாம்பிள் எந்தத் தேதியில் போனது, கருத்து எந்தத் தேதியில் வந்தது என்பதை ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு தாளில் பதிந்து தலைமையகத்துக்கு அனுப்புங்கள். உங்கள் வேலைக்கு ஆபத்து வரும் எதையும் நான் கேட்கவில்லை. அந்தத் தேதிகளை எல்லாம் நீங்கள் அறிவீர்கள், மேலே இருப்பவர்கள் அறியமாட்டார்கள்.

இதற்கான பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். உங்கள் சப்ளையர்கள் அனைவருக்கும், அடுத்த பருவத்தின் விலைப் பேச்சு தொடங்குவதற்கு முன், ஒரே கடிதமாக எழுத்தில் அனுப்புங்கள். அதன் நகலைத் திருப்பூரில் உள்ள ஏற்றுமதியாளர் அமைப்புகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவர்
திருப்பூர்